கவனிக்கவில்லையா, புரியவில்லையா?

மகனின் பேச்சைப் பற்றி ஏழெட்டு கேள்விகள் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பயம் ஒன்றுதான்: ஐந்து வயது மகனுக்குக் கவனக்குறைவு (ADHD, கவனம் ஒன்றில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை) இருந்தால் கடைசிவரை பேச்சு சரியாக வராமலே போய்விடுமோ என்பது. அப்படி ஆகாது. பள்ளியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வேறெங்கோ தாவுவது, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வது, பெரியவர்கள் பேச்சில் குறுக்கே புகுவது எல்லாம் கவனக்குறைவு உள்ள பிள்ளைகளிடம் சகஜம். சொற்கள் அவனிடம் இருக்கின்றன. வரிசையாகக் கோத்துச் சொல்லத்தான் தடுமாறுகிறான். பயிற்சியில் தேறக்கூடிய விஷயம் இது.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இது வரவில்லை. எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது: "முகத்தைப் பார்த்துச் சொன்னாலும் சில நேரம் விழிக்கிறான்." இதை இந்த வாரமே சோதித்துப் பாருங்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, கை காட்டாமல், கண்ணாலும் சாடை செய்யாமல், "புத்தகத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, பந்தை எடுத்து வா" என்று சொல்லுங்கள். புத்தகத்தை வைத்துவிட்டுப் பந்தை மறந்து ஓடினால் கவலை குறைவு. வேறு வேறு நாட்களில், வேறு வேறு பொருட்களை வைத்துச் சொல்லியும் அடியில், மேலே என்ற வித்தியாசமே பிடிபடவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். சொல்வது புரியாத குழந்தையும் கவனிக்காத குழந்தை மாதிரியேதான் தெரியும். சளி பிடித்து நடுக்காதில் நீர் தங்கிச் சரியாகக் காது கேட்காவிட்டாலும் இதே கதைதான். அதனால் முதலில் செவித்திறன் பரிசோதனை, அப்புறம் பேச்சு மொழிப் பயிற்சியாளர். ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்து வந்தால் சோதனையெல்லாம் வேண்டாம், உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இணையக் கேள்வித்தாளை நிரப்பி நீங்களே நோயை முடிவு செய்தது போதும். கவனக்குறைவு என்று சொல்ல, அறிகுறிகள் 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டுமல்ல, பள்ளியிலும் தெரிய வேண்டும். அவன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டீர்களா? அவனுக்குக் கொடுத்துவரும் அந்த 'மூளை டானிக்'கை இன்றே நிறுத்துங்கள். கவனத்தையோ பேச்சையோ வளர்க்கும் டானிக் எதுவும் கிடையாது. கவனக்குறைவு உறுதியானாலும், 6 வயதுக்குள் முதல் சிகிச்சை மருந்து அல்ல. பிள்ளையைக் கையாளும் விதத்தைப் பெற்றோருக்குச் சொல்லித்தரும் பயிற்சிதான்.

அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். கதை சொல்லும்போது திசைமாறினால் அதட்டாமல், "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டு, அவன் முடிக்கும்வரை காத்திருங்கள்.