செப்டம்பர் வரை காத்திருக்கலாமா? புது ஐபோன் பேச்சும் ஓணச் சலுகையும்

வாசகர் கேள்வி: குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கையில் இருப்பது 2021-இல் வாங்கிய ஐபோன் 12. பேட்டரி ஹெல்த் 76 சதவீதம் காட்டுகிறது. சாயங்காலம் வண்டி நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் போன் அணைந்துவிடுகிறது. 75,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். திருவனந்தபுரத்தில் ஓணச் சலுகை தொடங்கப் போகிறது. தம்பியோ, “செப்டம்பரில் புதுசு வருது, பொறு அக்கா” என்கிறான். மஸ்கட்டில் இருக்கும் கணவர் அங்கிருந்தே வாங்கி வருவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உங்கள் தேவைக்கு ஐபோன் 17 தாராளமாகப் போதும். புது மாடலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் புது மாடல் வருவதால் 17-இன் விலை என்ன ஆகும் என்பதற்காகச் சில வாரங்கள் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. தம்பி சொல்வது பாதி சரி.

முதலில் விலைக் கணக்கு. 2024 செப்டம்பர் 9 அன்று ஐபோன் 16 அறிவிக்கப்பட்டதும், 79,900 ரூபாயாக இருந்த ஐபோன் 15 69,900 ஆனது. 2025 செப்டம்பர் 9 அன்று 17 வந்தபோது 16-க்கும் அதேதான் நடந்தது: 79,900-இலிருந்து 69,900. இரண்டு ஆண்டும் சரியாகப் பத்தாயிரம் குறைப்பு. இப்படிக் குறைவது சாதாரண மாடலுக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். ப்ரோ மாடல்களை ஆப்பிள் விலை குறைப்பதில்லை, விற்பனையையே நிறுத்திவிடும். அதன்பின் கடைக்காரர் கையில் மிச்சம் இருப்பதுதான் சரக்கு. ஆகவே பழைய ப்ரோ வேண்டும் என்பவர்களுக்கு ஓணச் சலுகை நல்ல நேரம். சாதாரண மாடல் போதும் என்பவர்களுக்கு அறிவிப்புக்கு மறுநாள்தான் நல்ல நேரம்.

வழக்கமான ஆண்டாக இருந்தால் பதிலை இத்தோடு முடித்துவிடலாம். இந்த முறை ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த வரிசையை ஆப்பிள் இரண்டாகப் பிரிக்கப் போகிறது, 2026 செப்டம்பரில் ப்ரோ மாடல்களும் மடிக்கும் ஐபோனும் மட்டும் வரும், சாதாரண 18 அடுத்த ஆண்டு வசந்த காலத்துக்குத் தள்ளிப்போகும் என்று 2025 முதலே பேச்சு அடிபடுகிறது. ஆப்பிளின் உதிரிபாகச் சங்கிலியைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வாளர் மிங்-சி குவோவும் இதைச் சொல்லியிருக்கிறார். இது உண்மையானால் செப்டம்பரில் 17-க்கு மாற்று வராது. மாற்று வராவிட்டால் பத்தாயிரம் குறைப்பும் வராமல் போக வாய்ப்புண்டு. புதிதாக என்ன கேமரா, என்ன நிறம் என்பதையெல்லாம் விட உங்கள் பணப்பையைத் தொடும் வதந்தி இது ஒன்றுதான்.

வதந்தியை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அது எதிலிருந்து கசிந்தது என்று பாருங்கள். இந்தியாவில் விற்க வேண்டுமானால் போனை பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பில் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு மாடல் எண் தென்பட்டால் போன் இங்கே வரப்போகிறது என்பது அநேகமாக உறுதி. ஆனால் அதிலிருந்து விலையும் தெரியாது, தேதியும் தெரியாது. அமெரிக்காவின் எஃப்.சி.சி., சீனாவின் டெனா போன்ற தொலைத்தொடர்பு அனுமதி அமைப்புகளின் ஆவணங்களில் அலைவரிசைகள் இருக்கும், சிலவற்றில் பேட்டரி அளவும் கிடைக்கும். இவை ஆவணங்கள் என்பதால் நம்பலாம். உறை தயாரிப்பாளர்களிடமிருந்து வரும் வரைபடத்தில் நீள அகலமும் கேமரா மேடும் பெரும்பாலும் சரியாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. அதிலும் தவறு நேர்வதுண்டு: 2021-இல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 7-க்குத் தட்டையான விளிம்பு என்று உறைகளே தயாராகிவிட்டன, வந்தது பழைய வளைந்த விளிம்புதான்.

ஆய்வாளர் கணிப்புகள் பொய்ப்பதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, செய்தி சரி, ஆண்டு தவறு. செயற்கைக்கோள் வழித் தொடர்பு ஐபோன் 13-இல் வரும் என்று 2021-இல் குவோ சொன்னார், அது அவசரச் செய்தி வசதியாக 2022-இல் 14-இல் வந்தது. மற்றொன்று, சொன்னபோது உண்மையாக இருந்த திட்டம் பிறகு கைவிடப்படுவது. ஐபோன் 15 ப்ரோவில் அழுத்தினால் அசையாத பொத்தான்கள் வரும் என்று 2022 அக்டோபரில் குவோ சொன்னார். 2023 ஏப்ரலில் தொழில்நுட்பச் சிக்கலால் அது விலக்கப்பட்டதாக அவரே சொன்னார். அறிவிப்புக்கு ஓராண்டு முன்பு வரும் வதந்தியையும் ஒரு மாதம் முன்பு வரும் வதந்தியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். ஆகஸ்ட் பிற்பாதியில் உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும். அப்போது கசிவது பெரும்பாலும் கையில் இருக்கும் பொருளைப் பற்றியது.

இந்திய விலை பற்றிய வதந்தியை மட்டும் எந்தத் தேதியில் வந்தாலும் தள்ளிவிடுங்கள். 17-க்கு விலை ஏறும் என்று பலர் சொன்னார்கள். 82,900 என்று அறிவித்தார்கள், பார்த்தால் மூவாயிரம் கூடுதல். ஆனால் அது 256 ஜிபிக்கான விலை. 16-இல் அதே 256 ஜிபி 89,900-க்கு வந்தது. கொள்ளளவுக்குக் கொள்ளளவு ஒப்பிட்டால் ஏழாயிரம் குறைந்திருந்தது. 

இப்போது உங்கள் நாட்காட்டி. இந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் கடைசியில் வருகிறது. 2024, 2025 இரண்டு ஆண்டும் செப்டம்பர் 9 நிகழ்ச்சிக்கான அழைப்பை ஆப்பிள் ஆகஸ்ட் 26 அன்று அனுப்பியது. ஓணச் சலுகை உச்சத்தில் இருக்கும் அதே வாரத்தில் செப்டம்பர் பற்றிய பேச்சும் தெளிந்துவிடும். ஆகவே சலுகையின் முதல் நாளில் ஓட வேண்டாம், கடைசி வாரம் வரை பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: எல்லாம் போக பில்லில் என்ன தொகை வரும்? சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கூப்பன், இலவச இயர்போன், பை, குடை எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் தொகையையும் தனியே எழுதச் சொல்லுங்கள். பழைய போனுக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிவிட்டு புதியதன் தள்ளுபடியை அங்கே குறைத்துவிடும் வழக்கம் உண்டு. எக்ஸ்சேஞ்ச் சேர்க்காமல், வங்கி அட்டைத் தள்ளுபடியோடு 17-இன் விலை 74,000-க்குக் கீழே வந்தால் ஓணத்துக்கே வாங்கிவிடுங்கள். செப்டம்பர் குறைப்பு வந்தாலும் 72,900-தான் ஆகும், ஆயிரம் ரூபாய்க்காக இன்னும் சில வாரம் அணைந்த போனோடு பயணம் செய்ய வேண்டியதில்லை. 78,000-க்கு மேலே நின்றால் வாங்காதீர்கள். இடையில் இருந்தால், சாதாரண 18 தள்ளிப்போவது பற்றிய செய்தி அந்த வாரம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று பாருங்கள். தள்ளிப்போவது ஏறக்குறைய உறுதி என்றால் வாங்கலாம். குழப்பமாக இருந்தால் நிகழ்ச்சி நாளும், அதற்குப் பிறகு வரும் பெரிய ஆன்லைன் விற்பனையும் வரை பொறுக்கலாம். 2025-இல் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டும் செப்டம்பர் 23 அன்று விற்பனையைத் தொடங்கின.

அதற்கும் மேலே, அதாவது அடுத்த ஆண்டு வரை காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நினைவகச் சில்லுகளின் விலை 2025 கடைசியிலிருந்து ஏறத் தொடங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதால் போன் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அடக்கச் செலவு கூடியிருக்கிறது. பொறுத்தால் விலை குறையும் என்ற பழைய கணக்கு இப்போது எல்லா நேரமும் ஒத்துவராது. ஆண்ட்ராய்டு வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தவணையில் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். “நோ காஸ்ட் இஎம்ஐ” என்பதில் வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வங்கி உங்களிடம்தான் வாங்கும். 69,900 ரூபாய் போனை 16 சதவீத வட்டியில் ஆறு தவணையாகக் கட்டினால் வட்டிப் பங்கு சுமார் 3,150. அதற்கு வரி சுமார் 567 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி.

மாநில எல்லை தாண்டி வாங்கினால் வரியில் லாபமா என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். இல்லை. செல்போனுக்கு 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் 18 சதவீத ஜி.எஸ்.டி.தான். கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காக இருந்த ஒரு சதவீதக் கூடுதல் வரியும் 2021 ஜூலை 31-உடன் முடிந்துவிட்டது. மார்த்தாண்டத்திலும் தம்பானூரிலும் விலை வேறுபட்டால் அது கடைக்காரரின் சலுகையால் மட்டுமே. கேரள பில்லோடு தமிழ்நாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் உத்தரவாதம் செல்லும். பில்லில் போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் *#06# அழுத்தி, திரையில் வரும் எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையில் நின்றபடியே பாருங்கள். இன்னும் அறிவிக்கப்படாத போனுக்கு “டோக்கன் அட்வான்ஸ்” கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பதிவு நிகழ்ச்சிக்குப் பிறகுதான் திறக்கும்.

கணவர் மஸ்கட்டிலிருந்து வாங்கி வருவதைப் பற்றி. ஐபோன் 17 வரிசையிலிருந்து ஓமன், அமீரகம், சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் நாடுகளில் விற்பவற்றில் சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கே ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றிலும் இ-சிம் கிடைக்கும். பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் 2025-இல்தான் அதைத் தொடங்கியது. வேலைக்கு ஒரு கேரள எண், வீட்டுக்கு ஒரு தமிழ்நாட்டு எண் என்று இரண்டு வைத்திருப்பவர்களுக்கு ஐபோன் 17-இல் இரண்டு இ-சிம்மும் ஒரே நேரத்தில் இயங்கும், அதில் தடையில்லை. தொல்லை வருவது போன் பழுதாகும் நாளில்தான். சிம்மை உருவி வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட முடியாது. வங்கி ஓ.டி.பி. வருவதற்குக்கூட நிறுவனத்திடம் போய் இ-சிம்மை மாற்ற வேண்டும். அதோடு, போனை வாங்கிய நாட்டில்தான் உத்தரவாத சேவை என்று கட்டுப்படுத்த ஆப்பிளின் விதியில் இடம் இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் இந்தியப் பெட்டியே நல்லது. அவர் அங்கே எதையாவது வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் நல்ல யு.எஸ்.பி. சி கேபிள் ஒன்று வாங்கி வரட்டும். உங்கள் ஐபோன் 12-இன் லைட்னிங் கேபிள் 17-க்குப் பொருந்தாது.

இனி, அதுவரை கையில் இருக்கும் போனைத் தாங்க வைப்பது. ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுக்கு 80 சதவீதம் தங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. உங்களுடையது அந்த வரம்பைக் கடந்துவிட்டது. வயதான பேட்டரியின் உள் மின்தடை கூடியிருக்கும். போன் திடீரென அதிக மின்சாரம் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, 15 சதவீதம் இருப்பதாகக் காட்டியபடியே அணைந்துவிடும். ரயிலில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. வண்டி ஓட ஓட போன் கோபுரம் மாறிக்கொண்டே இருக்கும்.  சிக்னல் மங்கினால் போன் தன் ஒலிபரப்பு சக்தியைக் கூட்டும். அப்போதுதான் பழைய பேட்டரி கையை விரிக்கும்.

வண்டி ஏறும் முன் அமைப்புகளில் மொபைல் சேவைக்குப் போய், குரல் மற்றும் தரவு என்ற இடத்தில் 5ஜியை விட்டு எல்.டி.இ.யை, அதாவது 4ஜியைத் தேர்ந்தெடுங்கள். லோ பவர் மோடையும் போட்டுவிடுங்கள். பாட்டு, படம் வேண்டுமானால் அலுவலக வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்குள் புதியது வாங்கப் போகிறீர்கள் என்றால் இவை போதும், பேட்டரிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

இரண்டு நிலைகளில் மட்டும் உடனே மாற்றுங்கள். ஒன்று, இந்தப் போனையே வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தப் போகிறார்கள் என்றால். 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 வரை 12-க்கு மென்பொருள் கிடைத்திருக்கிறது, நல்ல பேட்டரி போட்டால் இன்னும் உழைக்கும். மற்றொன்று, திரை ஓரத்தில் லேசாகத் தூக்கி, விளிம்பில் வெளிச்சக் கீற்று தெரிந்தால். அது பேட்டரி உப்பியதன் அடையாளம். அன்றிலிருந்து சார்ஜ் போடாதீர்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மாற்றினால் என்ன செலவாகும் என்பதை ஆப்பிளின் இந்திய இணையதளத்தில் மாடலைத் தேர்ந்தெடுத்தே தெரிந்துகொள்ளலாம். வெளியே மலிவாகப் போட்டால் “தெரியாத பாகம்” என்ற அறிவிப்பு வரும், எக்ஸ்சேஞ்சில் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள். எங்கே பிரித்தாலும் நீர்த்தடுப்புப் பசை பழையபடி முழுதாக ஒட்டியிருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் உங்களுடையது, குழித்துறையில் இறங்கி மழையில் நடக்கும்போது போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வையுங்கள்.