ஒரு கேமைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது: எமுலேட்டர் நிரலை எங்கிருந்து திருத்துவது?

கேள்வி: சி++ மொழியில் வேறொருவர் எழுதிய என்.இ.எஸ். எமுலேட்டர் (நின்டெண்டோவின் பழைய கேம் கன்சோலைப் போல நடந்துகொள்ளும் நிரல்) ஒன்றை இப்போது நான் பராமரிக்கிறேன். சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஆடும்போது மேலே உள்ள மதிப்பெண் பட்டை நடுங்குகிறது. அதைச் சரிசெய்தால் வேறொரு கேம் உறைந்து நிற்கிறது. வேகத்தையும் கூட்ட விரும்புகிறேன். எதில் தொடங்கலாம்?

பதில்: நீங்கள் திருத்த வேண்டியது எந்தக் கேமையும் அல்ல, எமுலேட்டரின் கடிகாரத்தை. மரியோ கேமில், பட்டையிலுள்ள நாணயத்தின் அடிப்பகுதியோடு ஒன்றியபடி ஸ்பிரைட் 0 (திரையில் தனியே நகர்த்தக்கூடிய சிறு படங்களில் முதலாவது) வைக்கப்பட்டிருக்கிறது. திரையை வரையும் படச்சில்லு அந்த இடத்தை எட்டியதும் ஒரு கொடியை உயர்த்தும். அதுவரை அந்தக் கொடி உள்ள நிலைப் பதிவகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக் காத்திருக்கும் கேம், அதன் பிறகே திரையின் கீழ்ப்பகுதியை நகர்த்தும். படச்சில்லு ஒரு வரிக்கு 341 புள்ளி வீதம் 262 வரிகளைக் கடந்து ஒரு சட்டகத்தை, அதாவது ஒரு முழுத் திரைக் காட்சியை, முடிக்கிறது. செயலியின் ஒரு சைக்கிளுக்குள் (கடிகாரத் துடிப்புக்குள்) அது 3 புள்ளிகள் முன்னேறிவிடும். பழைய எமுலேட்டர்கள் பலவற்றில் செயலி ஒரு கட்டளையை முழுவதும் முடித்த பிறகே படச்சில்லு நகர்த்தப்படுகிறது. 4 சைக்கிள் எடுக்கும் ஒரு கட்டளை தன் கடைசி சைக்கிளில்தான் பதிவகத்தைப் படிக்கிறது என்பதால், அந்தக் கணத்தில் படச்சில்லு குறைந்தது 9 புள்ளிகள் பின்தங்கியிருக்கும். உங்கள் பட்டை நடுங்குவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

இந்தக் கன்சோலில் உள்ள 6502 வகைச் செயலி ஒவ்வொரு சைக்கிளிலும் நினைவகத்தைப் படிக்கவோ எழுதவோ செய்கிறது. ஆகவே, படிக்கும் செயற்கூறிலும் எழுதும் செயற்கூறிலும் கடிகாரத்தை நகர்த்தினால் கட்டளைவாரியான சைக்கிள் அட்டவணையே தேவைப்படாது. ஆனால் பயனற்றவையாகத் தோன்றும் அணுகல்களையும் விடாமல் எழுத வேண்டும். நினைவக மதிப்பை ஒன்று கூட்டும் ஐ.என்.சி. கட்டளை பழைய மதிப்பை ஒருமுறை திரும்ப எழுதிவிட்டுத்தான் புதியதை எழுதும், எம்.எம்.சி.1 என்ற நினைவக மேலாண்மைச் சில்லு உள்ள கேசட்டுகள் அடுத்தடுத்த சைக்கிளில் வரும் அந்த இரண்டாவது எழுதுதலைப் புறக்கணிப்பதை நம்பியே இயங்கும் கேம்களும் உண்டு. ஒரு சைக்கிளுக்கு 3 புள்ளி என்ற எண்ணையும் நிரலில் நேரடியாகப் பதிக்காதீர்கள். ஐரோப்பாவின் பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கான கன்சோலில் அது 3.2. மூலக் கடிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு செயலிக்கு 12, படச்சில்லுக்கு 4 என்றும், பால் கன்சோலுக்கு 16, 5 என்றும் வகுத்தால் இரண்டும் பொருந்தும்.

இதைத் தொடும் முன் சோதனைகளை அமையுங்கள். செயலியைச் சோதிக்கும் நெஸ்டெஸ்ட் ரோமின் (கேம் கோப்பின்) பதிவேட்டோடு உங்கள் செயலியின் பதிவகங்களையும் சைக்கிள் எண்ணிக்கையையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடுத்து, பத்துப் பதினைந்து கேம்களின் பொத்தான் அழுத்தங்களைப் பதிந்து மறுபடி ஓட்டி, ஒவ்வொரு சட்டகத்தின் ஹாஷ் மதிப்பையும் (படத்திலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாள எண்ணையும்) சேமியுங்கள். கணினியின் நேரமோ தற்செயல் எண்ணோ உள்ளே நுழைந்தால் இந்த ஒப்பீடு பொய்த்துவிடும். கேமின் பெயரைப் பார்த்து நடத்தையை மாற்றும் நிபந்தனைகள் இருந்தால், கடிகாரம் சரியானதும் ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள்.

வேகம் கடைசியில்தான். துல்லியம் கூடியதும் நிரல் மெதுவாகும். அப்போது படச்சில்லைச் சைக்கிள்தோறும் நகர்த்தாமல், அதன் பதிவகத்தை யாரேனும் தொடும்போதோ குறுக்கீடு (செயலியை இடைமறிக்கும் சைகை) வர வேண்டிய நேரத்திலோ மட்டும் விட்ட இடத்திலிருந்து ஓடிப் பிடிக்கச் செய்யலாம். மெதுவான வடிவத்தையும் நீக்காமல் வைத்திருங்கள்; இரண்டின் ஹாஷும் எந்தச் சட்டகத்தில் பிரிகிறதோ, பிழையை அங்கிருந்து தேடலாம்.