கோழி எச்சம்: எது வழக்கம், எது கழிச்சல்?

கேள்வி: எட்டுக் கோழிகள் வைத்திருக்கிறேன். காலையில் பரணுக்கு அடியில் பார்த்தால் சில எச்சம் கெட்டியாக இருக்கிறது. சில மட்டும் களிம்பு போலப் பிசுபிசுவென்று, நாற்றம் தாங்கவில்லை. அந்தக் கோழிகளைப் பிரித்து வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே கோழி போட்டதாகவே இருக்கும். கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. சிறுநீரகம் பிரிக்கும் கழிவு யூரிக் அமிலமாக மலத்தோடு சேர்ந்தே வெளியே வருகிறது. பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பச்சையில் ஒரு சுருள், அதன் தலையில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை: இதுதான் நல்ல எச்சம். குச்சியால் புரட்டினால் உருக்குலையாமல் புரளும்.

நாறுகிற களிம்பு குருட்டுக்குடலில் இருந்து வருவது. சிறுகுடல் முடியும் இடத்தில் கோழிக்கு இரண்டு பைகள் உண்டு. அங்கே தங்கிப் புளித்தது நாளுக்கு இரண்டு மூன்று முறை காலியாகும். கடுகு மஞ்சளில் இருந்து கரும்பழுப்பு வரை நிறம் மாறும், பளபளக்கும், பெரும்பாலும் வெள்ளை இருக்காது. ஏறக்குறைய பத்து எச்சத்துக்கு ஒன்று இப்படி இருந்தால் குடல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். இதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றுகிறவர்கள்தான் அதிகம்.

இரவில் பரணுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கோழிகள் பெரும்பாலும் பழகிய இடத்திலேயே அடைவதால், எந்தக் குவியல் யாருடையது என்று காலையில் ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் அந்த ஒரு கோழியை மட்டும் ஒரு நாள் காகிதம் விரித்த கூண்டில் விடுங்கள். ஒரே ஒரு எச்சத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: வெயில் ஏறியதில் இருந்து எல்லாக் கோழியும் தண்ணீராகவே போகிறது. தீனி நன்றாக எடுக்கின்றன.

பதில்: காகிதத்தில் விழுந்த எச்சத்தைக் குனிந்து பாருங்கள். நடுவில் கெட்டிச் சுருள் அப்படியே இருந்து, சுற்றிலும் ஈர வட்டம் மட்டும் பரவியிருந்தால் அது கழிச்சல் இல்லை. அதிகமாகக் குடித்த நீர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். சுருளே கரைந்து கூழாகியிருந்தால் கோளாறு குடலில். வழக்கமாகத் தின்னும் தீனியின் எடையைப் போல இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும் கோழி, வெக்கையில் அதைத் தாண்டிக் குடிக்கும். தர்பூசணி, வெள்ளரி போட்டாலும் இப்படித்தான். வெயில் இல்லாத நாளிலும் ஈர வட்டம் தொடர்ந்தால் தீவனத்தில் உப்பு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புப் போட்ட மிச்ச உணவைக் கொட்டுகிற இடங்களில் இது சகஜம்.

கேள்வி: அடைக்கோழி ஒரேயடியாகப் பெரிய எச்சம் போடுகிறது. நாற்றமும் அதிகம்.

பதில்: நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான் எழுந்து வருகிறது, அதுவரை அடக்கி வைத்ததை மொத்தமாகப் போடுகிறது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று நிறம் மாறினால்?

பதில்: முதல் நாள் என்ன தின்றது என்று யோசியுங்கள். கீரை தின்றால் பச்சை, பீட்ரூட் தின்றால் சிவப்பு. எப்போதாவது ஆரஞ்சுச் சிவப்பில் தோல் துணுக்கு போல வந்தால் அது குடலின் உட்சுவர் உதிர்ந்தது. அடிக்கடி வந்தால்தான் கவலை. கவனிக்க வேண்டியது, கீரையே தின்னாத கோழி போடும் பளீர்ப் பச்சை. குடலில் தீனி இல்லாமல் பித்தம் மட்டும் இறங்குகிறது. மாலையில் அடையும்போது கழுத்துக்குக் கீழே தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் கோழி பட்டினி. காரணத்தைத் தேட வேண்டும்.

கேள்வி: நான்கு வாரக் குஞ்சுகள். இறக்கையைத் தொங்கப்போட்டு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. எச்சத்தில் ரத்தம். ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டு செத்துவிட்டன.

பதில்: இந்த வயதில் ரத்தம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது ரத்தக் கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். ஐமீரியா என்ற ஒட்டுண்ணி குடல் சுவரைக் கிழிப்பதால் வருவது. பாக்டீரியாவுக்கான சாதாரண ஆன்டிபயாடிக் இதன் பக்கமே போகாது. கொடுத்த மருந்து வீணானது அதனால்தான்.

நோய்வாய்ப்பட்ட குஞ்சு தீனியை விட்டாலும் தண்ணீரை விடாது, எனவே மருந்து தண்ணீரில்தான். 20% அம்ப்ரோலியம் தூள் என்றால் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 கிராம், நோயின் கடுமையைப் பொறுத்து, 3 முதல் 5 நாள். பிறகு 0.3 கிராமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. உங்கள் பொட்டலத்தின் வீரியம் வேறாக இருக்கலாம் என்பதால் லேபிளைப் பாருங்கள், கால்நடை மருத்துவரிடமும் கேளுங்கள். பலர் செய்யும் தவறு, சோர்வு தீரட்டும் என்று கூடவே பி வைட்டமின் டானிக் ஊற்றுவது. அம்ப்ரோலியம் ஒட்டுண்ணிக்கு பி1 கிடைக்காமல் செய்துதான் அதை அடக்குகிறது. டானிக் அதைக் காப்பாற்றிவிடும். மருந்து முடிந்த பிறகு கொடுங்கள்.

மருந்தோடு, தரையில் பரப்பிய கூளத்தையும் கவனிக்காவிட்டால் நோய் திரும்பும். எச்சத்தில் வரும் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அவை அசைவதில்லை, காய்ந்தால் சாகும். கூளத்தைக் கைப்பிடி எடுத்து இறுக்கிவிட்டுக் கையைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி இருப்பதை அன்றே அள்ளிப் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள்.

கேள்வி: பிறந்து மூன்று நாளான குஞ்சுகளின் பின்புறம் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

பதில்: அடைத்துக்கொண்டால் குஞ்சு செத்துப்போகும். பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, உலர்த்திவிட்டு, சூடு கொடுக்கும் விளக்கடியில் விடுங்கள். வயிற்றுப் பக்கம் இருக்கும் தொப்புள் பொருக்கை எச்சம் என்று நினைத்துத் தொடாதீர்கள். முதல் வாரம் விளக்கடியில் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். குளிரோ அதிகச் சூடோதான் பெரும்பாலும் காரணம். ஆனால் வெள்ளைப் பசையாகப் பல குஞ்சுகளுக்கு ஒட்டி, கழியும்போது கத்தி, அடுத்தடுத்துச் செத்தால் புல்லோரம் என்ற சால்மொனெல்லா நோயாக இருக்கலாம். இது தாயிடமிருந்து முட்டை வழியாக வருவது. பிழைத்தவை நன்றாகத் தெரிந்தாலும் கிருமியைச் சுமக்கும். அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளையாகப் போனால் வெள்ளைக் கழிச்சல்தானே?

பதில்: பெயர்தான் குழப்புகிறது. ராணிக்கெட் என்ற அந்த நோயில் பெரும்பாலும் பச்சையும் வெள்ளையும் கலந்த தண்ணீராகவே போகும். கூடவே வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகுவது, கால் இழுப்பது, திடீர்ச் சாவு. வைரஸ் என்பதால் மருந்து இல்லை, முன்கூட்டிப் போடும் தடுப்பூசிதான். வெறும் வெள்ளைத் தண்ணீர் கோழி தின்னாததாலும் வரும், சிறுநீரகக் கோளாறிலும் வரும்.

கேள்வி: எச்சத்தில் புழு தெரிந்தால்தானே குடற்புழு மருந்து?

பதில்: உருண்டைப்புழு வெளியே தெரிவதற்குள் உள்ளே நிறைய இருக்கும். அரிசி போல வெள்ளைத் துண்டுகள் வந்தால் நாடாப்புழு. அதற்கு மருந்தே வேறு. ஐந்தாறு கோழிகளின் புது எச்சத்தைக் கட்டைவிரல் அளவு சேர்த்து, மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். உறைய வைக்காதீர்கள். மருந்து கொடுத்தால் லேபிளில் சொன்ன நாள் வரை முட்டையைச் சாப்பிடக் கூடாது.