பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: என் சர்க்குலர் ரம்பம் தடித்த பலகையில் முனகி நின்றுவிடுகிறது, கொதிக்கிறது. அதன் உலோகப் பகுதியைத் தொட்டால் 'சுர்' என்கிறது. மோட்டார் போய்விட்டதா?

பதில்: மோட்டாரை விடுங்கள், அந்த 'சுர்'தான் எனக்குக் கவலை. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் கம்பி அறுந்திருக்கலாம். கூடவே, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டான கார்பன் பிரஷ் தேய்ந்த கரித்தூள் மரத்தூளோடு உள்ளே படிந்து, மின்சாரத்துக்கு வழி விட்டிருக்கும். எலக்ட்ரீஷியன் இன்சுலேஷனைச் சோதித்துச் சொல்லும்வரை இயக்காதீர்கள். பட்டறை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம் இருக்கட்டும். சாதாரண ஃபியூஸ் வயரைத்தான் காக்கும், உங்களை அல்ல.

முனகலுக்குப் பெரும்பாலும் பிளேடுதான் காரணம். மழுங்கிய பல் மரத்தை அறுக்காது, உரசும். மோட்டார் திணறும்போது பல மடங்கு மின்சாரம் இழுத்து காயிலைச் சுடும். நின்றுவிட்ட ரம்பத்தில் சுவிட்சை அழுத்திப் பிடிப்பது அதைவிட மோசம். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே வைத்து வேலை செய்கிறீர்களா? சுருளுக்குள் சூடு வெளியேறாது. முழுக்க விரித்துவிடுங்கள், மெல்லிய வயர் வேண்டாம்.

பிரஷ் கால் அங்குலத்துக்குக் குறைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நான் ஒருமுறை சிக்கனம் பார்த்து ஒன்றை மட்டும் மாற்றினேன். பிரஷ் உரசும் செம்பு வளையமான காம்யுடேட்டரில் தீப்பொறி வளையமே சுற்றியது. கனமான அறுப்புக்குப் பிறகு ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், உள்விசிறி குளிர்விக்கும்.