மைதானத்து மணி: வாசகர் கேள்வி பதில்

(வடக்கில் விடுதி மாஸ்டராகவும் விளையாட்டுப் பொறுப்பாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்று, இப்போது வெள்ளவத்தையில் வசிக்கும் நமது பத்தியாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: பேரன் றோயல் கல்லூரியில் ரக்பி விளையாடுகிறான். வீட்டில் எந்நேரமும் 'பிராட்பி, பிராட்பி' என்றே பேச்சு. யார் இந்தப் பிராட்பி? பெரிய ரக்பி வீரரா?
எஸ். கே., கொட்டாஞ்சேனை

பதில்: அவர் றோயல் கல்லூரியின் அதிபர். அந்தக் கதிரையில் இருந்த கடைசி ஆங்கிலேயர். 1939இல் பொறுப்பேற்றார், 1945இல் போனார். ஆக, இரண்டாம் உலகப் போர் முழுவதும் அவர் தலையில்தான் விடிந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. றோயலுக்குப் பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலை அதற்கு முன்பே விமான ஓடுபாதை ஆக்கிவிட்டார்கள். கல்லூரிக் கட்டடத்தையும் படையினர் எடுத்துக்கொள்ள, பள்ளிக்கூடம் டரட் வீதி பங்களாக்களுக்குக் குடிபோனது. டரட் வீதி என்றால் இன்றைய தர்மபால மாவத்தை.

1945இல் விடைபெற்றபோது அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான் உங்கள் வீட்டில் பேசுகிற பிராட்பி கேடயம். றோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு ரக்பி ஆட்டம் ஆட வேண்டும். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் கேடயம். முதல் ஆட்டத்தில் தோற்றவனும் இரண்டாவதற்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரலாம் என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். நம் ஆட்கள் போகிற ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்திக் குடையும் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே போகிறவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கல்கிசையில் கடலோரம் இருக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கு, மலைநாட்டில் குருத்தலாவையில் எதற்கு ஒரு கிளை?
ஆர்., இரத்மலானை

பதில்: அதுவும் அதே 1942ஆம் ஆண்டுக் கதைதான். கல்கிசைக் கட்டடங்கள் படையினர் கைக்குப் போனதும் பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டி வந்தது. வெலிமடைக்குப் பக்கத்துக் குருத்தலாவையில் கலாநிதி ஹேமன் தலைமையில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது அங்கேயே வேரூன்றிவிட்டது. அந்த நாளில் கல்லூரியின் வார்டன், அதாவது அதிபர், கெனன் டி சேரம். பாதிரியார், ஆனால் ஒக்ஸ்போர்டில் பல்கலைக்கழகத்துக்காகக் குத்துச்சண்டை போட்டவர். விடுதிப் பொடியன்களை மேய்க்க இதைவிட என்ன தகைமை வேண்டும்?

கேள்வி: அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தவர். ஷெல் சத்தத்துக்குள்ளும் மேட்ச் விளையாடினோம் என்கிறார். கதை விடுகிறாரா? உண்மையென்றால், உயிர் போகிற நேரத்தில் எதற்கு விளையாட்டு?
வாசகி, தெஹிவளை

பதில்: கதை விடவில்லை, மகள். நான் அங்கே நின்றவன்.

விடுதியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கு அரசாங்கத்தின் தடை. மண்ணெண்ணெய் யானை விலை. இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில்தான். பஞ்சை நனைக்கிற அளவுதான் எண்ணெய் என்பதால் அந்த நேரமும் நீளாது. பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை ஒரு பெரிய பின்னேரம் வெறுமனே கிடக்கும். வளர்ந்த பொடியன்களைச் சும்மா இருத்தினால் படலைக்குப் போய் நிற்பார்கள். படலைக்கு வெளியே அவர்களைக் கூப்பிட வேறு ஆட்கள் இருந்தார்கள். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் அப்பாவுக்குத் தெரியும். எதற்கு விளையாட்டு என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். கிண்ணமெல்லாம் அப்புறம். நாலு மணிக்கு மணி அடித்தால் அத்தனை பேரும் மைதானத்தில் நிற்க வேண்டும், நான் தலை எண்ண வேண்டும்.

மைதானத்தின் ஓரத்தில் பங்கர்கள் வெட்டியிருந்தோம். 'எல்' வடிவம், மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. ஹெலி சத்தம் கேட்டால் இல்லம் இல்லமாக இறங்க வேண்டும். துடுப்பாட்டக்காரன் மட்டையோடு இறங்குவான், மட்டையை விட்டுவிட்டு வரச் சொன்னால் கேட்கமாட்டான். சத்தம் ஓய்ந்ததும் ஏறி வந்து விட்ட பந்திலிருந்து தொடங்குவோம். பந்து பங்கருக்குள் விழுந்தால் நாலு ஓட்டம் என்பது எங்கள் உள்ளூர்ச் சட்டம். எடுக்கப் போகிறவன் முதலில் ஒரு கல்லை எறிந்து, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். தோல் பந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. தையல் விட்டதைச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து மெழுகு நூலால் தைத்து எடுப்போம். அது ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். எங்கள் சுழல்பந்துக்காரன் பாதி விக்கெட்டை அந்தப் புடைப்பால்தான் எடுத்தான் என்று இப்போதும் சொல்வேன்.

இல்ல விளையாட்டுப் போட்டியும் நடத்தினோம். ஓட்டத்தைத் தொடக்கி வைக்கத் துப்பாக்கி வெடிக்கிற ஊரா அது? இரண்டு பலகைத் துண்டைச் சேர்த்து அடித்தோம். குளுக்கோசுக்குப் பதில் எலுமிச்சம் தண்ணீரும் பனங்கட்டியும். பரிசாகக் கொப்பியும் பென்சிலும் கொடுத்தோம். அந்த நாளில் கிண்ணத்தைவிடக் கொப்பிக்குத்தான் அடிபாடு.

ஒன்றை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் தொடுத்து ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டாரா என்று. பெடலைச் சுற்றுகிறவன் களைத்தால் வர்ணனையாளரின் குரலும் தேய்ந்து போகும். விக்கெட் விழுந்ததா இல்லையா என்பது அவன் கையில்தான்.

கேள்வி: போகிற ஆசிரியர்கள் மாணவரிடம் சொல்லிக்கொண்டு போகக் கூடாதா? எங்கள் கணக்கு சேர் ஒரு திங்கட்கிழமை வரவேயில்லை. கொழும்புக்குப் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.
முன்னாள் விடுதி மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: சொல்லியிருக்க முடியாது, தம்பி. அன்றைய யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிடப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும், பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். பாஸ் கிடைத்த செய்தி கசிந்தால் ஊரே கடிதமும் பார்சலுமாக வாசலில் வந்து நிற்கும். அப்புறம் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டும். அங்கே துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவர்கள் பலர். போகிறேன் என்று பிள்ளைகளிடம் விடைபெற்றவர், அன்றிரவு படகு ஓடாமல் மறுநாள் வகுப்புக்கு வந்து நின்றதும் உண்டு. இரண்டாம் முறை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் சேர் உங்களிடம் ஒளித்தார் என்று எடுக்காதீர்கள். பெரும்பாலும் தன் தாயிடம்கூடக் கடைசி நேரத்தில்தான் சொல்லியிருப்பார்.

ஆசிரியர் போனது வகுப்பறையில் உடனே தெரியாது. இரண்டு வகுப்பைச் சேர்த்து இருத்தி ஒரு மாதிரிச் சமாளித்துவிடலாம். மைதானத்தில் அன்று பின்னேரமே தெரிந்துவிடும். எங்கள் இரசாயன மாஸ்டர்தான் உதைபந்தாட்டத்துக்கும் பொறுப்பு. அவர் போன மறுநாள் அவரது மேசை லாச்சியில் ஒரு பட்டியல் கிடந்தது: யாரிடம் எந்த இலக்க ஜேர்சி, யார் சப்பாத்துக் காசு தரவில்லை, சலவைக்குப் போனது எத்தனை. அவ்வளவு ஒழுங்கான மனிதர், பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியைச் சட்டைப் பையில் போட்டபடியே போய்விட்டார்! பம்ப் இருக்கிறது, பந்து இருக்கிறது, ஊசி கொழும்பில். குடாநாடு முழுக்கத் தேடியும் வேறொன்று அகப்படவில்லை. பரணில் கிடந்த, உள்ளே இறப்பர் பை வைத்துக் கயிறு கட்டுகிற பழைய பந்தை எடுத்து, வாயால் ஊதி விளையாடினார்கள். தலையால் அடித்தவன் நெற்றியில் கயிற்றின் அடையாளம் இருக்கும். கடைசியில் கொழும்பிலிருந்து வந்த ஒரு பாதிரியார் செபப் புத்தகத்துக்குள் வைத்து அந்த ஊசியைக் கொண்டுவந்து தந்தார். 'மறந்துபோய் எடுத்து வந்துவிட்டேன்' என்று ஒரு வரி, கையெழுத்து இல்லை. பொடியன்கள் அதை வாசித்துவிட்டுச் சத்தம் போடாமல் பந்துக்குக் காற்றடிக்கப் போனார்கள். அவர் மேல் இருந்த கோபம் பலருக்கு அன்றோடு போனது.

அவருடைய பின்னேரத்தை எடுத்தவர் தமிழ் இலக்கிய ஆசிரியர். உதைபந்தை அவர் காலால் தொட்டதேயில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரிக்கெட்டுக்கு நடுவராகவும் நிற்பார். பந்து துடுப்பாட்டக்காரனின் காலில் பட்டது, எல்.பி.டபிள்யூ. அவுட் என்று எவ்வளவு கத்தினாலும் 'சந்தேகத்தின் பலன் பிள்ளைக்கு' என்றுவிடுவார். பந்து போடுகிறவனும் பிள்ளைதானே சேர் என்று யாரும் அவரிடம் கேட்கத் துணியவில்லை.

கேள்வி: 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்டத்தில் நீங்கள் யார் பக்கம்? யாழ். மத்தியா, சென். ஜோன்ஸா?
இரண்டு நண்பர்கள், வெள்ளவத்தை

பதில்: 1904இல் தொடங்கிய சண்டை, என்னால் தீராது. இரண்டு கல்லூரிப் பழைய மாணவர்களும் நான் மரக்கறி வாங்குகிற கடைக்கே வருகிறார்கள். அடுத்த கேள்வி.

கேள்வி: எங்கள் கிரிக்கெட் கோச் பருவத்தின் நடுவில் வெளிநாடு போய்விட்டார். அவர் எங்கள் பள்ளி ஆசிரியரும்கூட. அணி உடைந்துபோய்க் கிடக்கிறது. என்ன செய்வது?
15 வயது மாணவன், வத்தளை

பதில்: 2022 நெருக்கடிக்குப் பிறகு, சம்பளமில்லாத விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாட்டில் வேலை செய்ய அரச ஊழியர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அப்படியும் வேறு வழியிலும் போன ஆசிரியர்கள் நிறையப் பேர். உன் சேருக்கும் வீட்டுக் கடன் இருக்கும், அவரைத் திட்டுவதில் நேரத்தைப் போக்காதே.

அதிபரிடம் போய், 'கோச் வேண்டும்' என்று கேட்காதே. உடனே கிடைக்காது. 'பின்னேரம் கடைசிப் பையன் வீட்டுக்குப் போகும்வரை நிற்க ஓர் ஆசிரியர் வேண்டும்' என்று கேள். அவருக்குக் கிரிக்கெட் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆட்டம் சொல்லித்தரச் சனிக்கிழமைகளில் பழைய மாணவர் யாராவது வருவார்கள், அவர்களைப் பிடிப்பது கப்டனின் வேலை. பயிற்சி நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு நாள் நாலு மணி, மறுநாள் ஐந்து மணி என்று ஆனால் அடுத்த கிழமை பாதிப்பேர் டியூஷனுக்குப் போயிருப்பார்கள். ஸ்கோர் புத்தகத்தை எழுத்துச் சுத்தமான, அணியில் இடம் கிடைக்காத ஒரு பையனிடம் கொடு. அவனும் அணிக்குள் வந்துவிடுவான்.

அதற்கெல்லாம் முதல், விளையாட்டு அறைத் திறப்பு யாரிடம் என்று நாளைக்கே விசாரி. பந்து, மட்டை, காலில் கட்டுகிற பேடின் வார் வரை எண்ணி எழுதி, அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்கு. பம்ப் ஊசி இருக்கிறதா என்பதை உதைபந்தாட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.