பழைய ஜீப் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துச் சேர்க்க முடியுமா?

முடியும். வீட்டுப் பெரியவர் யாரோ விட்டுப்போன வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பீர்கள், "எடைக்குப் போடு" என்று வீட்டில் நச்சரித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துக் கம்பம். மாமா கேரள எல்லையிலிருக்கும் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன பெட்ரோல் ஜீப், மஹிந்திரா சிஜே3பி. உள்ளே 2.2 லிட்டர் ஹரிக்கேன் இன்ஜின். இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வ் ஹெட்டில் (இன்ஜினின் மேல்மூடி), புகை வெளியே போகும் எக்ஸாஸ்ட் வால்வ் பிளாக்கில் (அடியிலிருக்கும் இன்ஜின் உடம்பு). அதனால் இன்ஜின் உயரம். பானெட் தூக்கலாக இருப்பது அதற்காகத்தான்.

வேப்பங்கிளையில் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டி இன்ஜினை இறக்கினோம். ஹெட் போல்ட் எல்லாம் கழற்றியாச்சு, ஹெட் அசையவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் தகடு ஒட்டிக்கிடக்கிறது என்று நினைத்து நான் ரப்பர் சுத்தியலால் தட்ட, மச்சான் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்ப, ஒன்றரை நாள் போனது. குமுளியிலிருந்து மாமாவைப் பார்க்க வந்த பழைய கூட்டாளி, மலையாளி, திண்ணையில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கார்புரேட்டர் ஊரியோ?"

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினீர்களா என்கிறார். கழற்றவில்லை. கழற்றிப் பார்த்தால், அதற்கடியில் காற்று போகும் துளைக்குள்ளே மசி பிடித்து ஒரு போல்ட் தலை! அதைத் திருப்பியதும் ஹெட் கையோடு வந்தது. மச்சான் நெம்பிய கீறல் இன்னும் இருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மெக்கானிக் அண்ணன்மார் சண்டைக்கு வர வேண்டாம். போர் போட்டதும் (சிலிண்டர் உள்சுவரைக் கடைவது) கிராங்க் கிரைண்டிங்கும் (கிராங்க் தண்டைத் தேய்ப்பது) லேத் பட்டறையில்தான். பிரித்தது, கழுவியது, வால்வ் உரசியது, பூட்டியது மட்டும் வீட்டில். எக்ஸாஸ்ட் வால்வைப் பிடித்திருக்கும் குட்டி லாக்கை எடுக்கும்போது பக்கத்து ஓட்டைகளில் துணி அடைத்துவிடுங்கள், நழுவினால் நேரே அடியிலிருக்கும் ஆயில் தொட்டிதான் (சம்ப்). ஹெட்டை 60 முதல் 70 அடி-பவுண்டு வரை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்தே முறுக்குங்கள். "கைக்கே தெரியும்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அப்புறம், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வார இறுதியில் புது வண்டியில் மலைக்கு வருகிறவர்கள் "ஆஃப் ரோடு" என்கிறார்கள். மாமா 12 பேரை அடைத்துக்கொண்டு தினம் போய்வந்த பாதை அது. அவருக்கு அது கூலி. போன மாதம் ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் ஷூ காலோடு எங்கள் பானெட்டில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பெயின்ட் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சரி, உங்கள் வண்டி எது என்று எழுதுங்கள். ஹரிக்கேன் என்றால் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுங்கள்.