பி.காம் முடித்த மகளுக்கு எஸ்ஏபி வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மகளுக்குக் கோடிங் தெரியாது, கடன் வாங்கியாவது எஸ்ஏபி பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் துறைக்கு அவர் தாராளமாக வரலாம். கடன் மட்டும் இப்போது வேண்டாம்.

கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் ஓட்டுவதுதான் ஈஆர்பி. அதில் பெரிய பெயர் எஸ்ஏபி. 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பேர் தொடங்கியது. கோடிங் வேண்டியது அபாப் என்னும் எஸ்ஏபியின் நிரல்மொழிப் பக்கம் போகிறவர்களுக்கு. ஃபங்ஷனல் பக்கத்தில் தொழில் எப்படி நடக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். பி.காம் படித்தவருக்கு அந்த மென்பொருளில் எஃப்ஐ என்னும் நிதிக்கணக்குப் பகுதி (மாட்யூல்) பொருந்தும்.

ஒரு நூற்பாலை 100 பேல் பஞ்சுக்கு ஆர்டர் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி வந்து, சரக்கு கிடங்கில் ஏறியதும் ஜிஆர், அதாவது சரக்கு வந்து சேர்ந்தது என்ற குறிப்பு, பதிவாகும். உடனே சரக்கிருப்பு பற்று, ஜிஆர்ஐஆர் என்ற இடைக்கணக்கு வரவு. பில் வரும்போது அந்த இடைக்கணக்கைப் பற்று வைத்து, சப்ளையர் கணக்கை வரவு வைப்பார்கள். வந்தது 90 பேல், பில் 100 பேலுக்கு என்றால்? பில் பதிவாகும், ஆனால் பணம் போகாமல் தடுக்கப்படும். நேர்காணலில் இப்படித்தான் கேட்பார்கள். பற்று வரவு உங்கள் மகளுக்கு ஏற்கெனவே தெரியும். பாதித் தூரம் கடந்துவிட்டார், ஐயா.

எஸ்ஏபியே தன் லேர்னிங் தளத்தில் பல பாடங்களை இலவசமாகத் தருகிறது. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. நிறுவ, கணினி தெரிந்த ஒருவர் உதவட்டும். அதில் ஒரு கற்பனைக் கடையை, கொள்முதல் முதல் ஜிஎஸ்டி வரை அவரே நடத்திப் பார்க்கட்டும்.

அனுபவமில்லாதவருக்கு நேராக கன்சல்டன்ட் வேலை, அதாவது நிறுவனங்களுக்கு எஸ்ஏபியை அமைத்துத் தரும் வேலை, கிடைப்பது அரிது. எஸ்ஏபி ஓடும் நிறுவனத்தில் பில் சரிபார்க்கும் அக்கவுன்ட்ஸ் வேலை கிடைத்தாலே நல்ல தொடக்கம். சென்னையிலும் கோவையிலும் அத்தகைய வேலைகள் உண்டு. எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசிக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. நிறுவனங்கள் 2015இல் வந்த புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மாறும்போது பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, கணக்கு தெரிந்த ஆள் வேண்டும்.

“மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்” என்று சொல்லும் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். பி.எஃப். பதிவைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும். பிள்ளையின் பெயர் கெடும். சான்றிதழ் உதவும், ஆனால் அது மட்டும் வேலை வாங்கித் தராது.

பிறகும் பயிற்சி மையம் தேவை என்று தோன்றினால், எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள், பயிற்சி சர்வரை எத்தனை மாதம் தருவார்கள், பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால் முன்பணம் கட்ட வேண்டாம்.